ரோக நிர்ணயமும் கூட்டு யோசனையும்

சரீரத்தில் ஒரு தேமலோ படையோ தோன்றினால் அதைப் பெரிதாக எண்ணாமல் விட்டுவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். உஷ்ணத்தினால் வந்தது, வியர்வையினால் வந்தது, ரத்தம் கெட்டதனால் வந்தது என்று தாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் களிம்பை வாங்கித் தடவுகிறார்கள். நாலு நாள் அரிப்பு அடங்கினால் குணமாயிற்று என்று திருப்தி அடைகிறார்கள். பெரும்பாலும் இதனால் பெருங்கேடு விளைவதில்லை என்பது உண்மையே. ஆயினும், வருஷக்கணக்கில் மறையாமல் நிற்கும் ஒரு படை, அபூர்வமான ஒரு புற்றுநோயின் முதற் குறியாகவும் இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்கும் காரியம் எவ்வளவு சமர்த்தரானாலும் ஒரு வைத்தியர் தனித்து நின்று முடிக்கக்கூடியதன்று. இவ்விரண்டு விஷயங்களையும் இன்று நமது வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் லிம்போஸைட் என்னும் நிணவணுக்கள் ஒரு வகுப்பு. அவற்றுள் டி அணுக்கள் என்பவை வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்த்துத் தேகத்தைக் காக்கும் காவற்படையாகும். அந்தக் காவற்படையில் ஒரு கூட்டமே நெறி தவறி, அளவின்றிப் பெருகி, சருமத்தில் குடியேறிவிடுவதைச் சரும டி அணு லிம்போமா என்று தற்கால வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. இதன் பல வகைகளில் அதிகமாகக் காணப்படுவது மைகோஸிஸ் பங்காய்டிஸ் என்பது. 1806-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் அலிபெர் இதை முதன்முதல் வர்ணித்தார். முற்றிய நிலையில் நோயாளியின் உடலில் எழுந்த கட்டிகள் காளானைப் போல் தோன்றியபடியால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இந்நோய்க்கும் காளான் வர்க்கத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. முதலில் தட்டையான படை, பிறகு தடித்த திட்டு, கடைசியில் கட்டி என்று இது மூன்று படிகளில் முற்றுவதை 1870-ல் பாஜென் என்ற பிரெஞ்சு வைத்தியர் எடுத்துக் காட்டினார். உடல் முழுவதும் சிவந்து, ரத்தத்திலும் அந்த அணுக்கள் உலாவும் மற்றொரு வகையை 1938-ல் ஸெஸாரி விவரித்தார். இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெளிந்து, பொதுப்பெயர் சூட்டப்பட்டது 1975-ல் தான். ஒரு நோயைப் பார்த்தறிவதற்கும் அது இன்னதென்று புரிந்துகொள்வதற்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றதென்றால், அதன் மறைவு எத்தகையது என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த மறைவு இன்னும் முற்றிலும் நீங்கியபாடில்லை. பல தேசங்களின் வைத்தியர்கள் கூடிச் சேகரித்து 2019-ல் வெளியிட்ட விவரப்படி, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் இன்னதென்று நிச்சயமாவதற்குள் நோயாளிகளில் பாதிப்பேருக்கு 36 மாதங்களும் அதற்கு மேலும் கழிந்துவிட்டன. விசேஷ ஆஸ்பத்திரிகளும் நவீன கருவிகளும் நிறைந்த தேசங்களின் நிலையே இதுவானால், நம் கிராமங்களின் நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தாமதத்துக்குக் காரணம் வைத்தியர்களின் அசிரத்தை என்று ஒரேயடியாகக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. ஆரம்ப நிலையில் இந்நோய் கரப்பானைப் போல் இருக்கும். சொரியாஸிஸ் என்னும் செதிற்படையைப் போல் இருக்கும். படர்தாமரையைப் போலவும் இருக்கும். மாநிறமும் கருநிறமும் உடைய நம்மவரிடத்தில் இது வெளுத்த தேமலாகத் தோன்றும் ஒரு வகையும் உண்டு. அவ்வகை இளைஞரிடத்திலும் குழந்தைகளிடத்திலும் கூடக் காணப்படுகிறது. அப்பொழுது அதை வெண்குஷ்டம் என்றோ தொழுநோய் என்றோ கருதிவிடுவது எளிது. தொழுநோய் என்று கருதிச் சிகிச்சை பெற்று, பின்னர் இந்நோய் என்று தெரியவந்தவர்களின் விருத்தாந்தங்கள் நம் தேசத்து வைத்தியப் பத்திரிகைகளிலேயே வெளியாகியிருக்கின்றன.

சரி, சந்தேகம் தோன்றினால் சருமத்தில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். விஷயம் அவ்வளவு சுலபமன்று. முதற் படியில் கெட்டுப்போன அணுக்கள் மிகச் சொற்பம். அவற்றைச் சுற்றி நிற்கும் நல்ல அணுக்களோ ஏராளம். சாதாரணக் கரப்பானிலும் நிணவணுக்கள் மேல்தோலுக்குள் நுழைவதுண்டு. ஆகவே, துணுக்கைப் பரீக்ஷிக்கும் பதாலஜிஸ்ட், அதாவது நோய்க்குறியியல் நிபுணர், தம் கண்ணெதிரே உள்ளது கலகக் கூட்டமா, காவற் கூட்டமா என்று பல சமயங்களில் தனித்துத் துணிய முடிவதில்லை. அந்தப் படை எத்தனை வருஷமாக உள்ளது, வெயில் படும் முகத்திலும் கையிலும் இருக்கிறதா, ஆடை மறைக்கும் இடுப்பிலும் தொடையிலும் இருக்கிறதா, திட்டுகள் ஒரே அளவா பலவிதமா, எந்த மருந்துக்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை என்பவை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தவர் நோயாளியை நேரில் கண்ட சரும வைத்தியர். அணுவின் வடிவத்தை அறிந்தவரோ நிபுணர். இருவரிடத்திலும் உள்ளது பாதிப் பாதி உண்மை. பாதியை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொன்னால் அது தவறாகப் போவதில் ஆச்சரியமில்லை.

இதைச் சர்வதேச நிபுணர்கள் 2005-ல் ஒரு கணக்காகவே வகுத்துத் தந்திருக்கிறார்கள். நோயாளியின் தேகத்தில் கண்ட லக்ஷணங்களுக்கு அதிகபட்சம் 2 மதிப்பெண். பூதக்கண்ணாடியில் கண்டதற்கு அதிகபட்சம் 2. டி அணுக்களின் மேலுள்ள அடையாளப் பொருள்கள் குறைந்திருப்பதைச் சாயமேற்றிக் காட்டும் சோதனைக்கு 1. அவையனைத்தும் ஒரே அணுவின் சந்ததி என்று காட்டும் ஜீன் சோதனைக்கு 1. மொத்தம் 6-ல் 4 கிடைத்தால் ஆரம்ப நிலையிலேயே நோயை நிச்சயிக்கலாம். இந்தக் கணக்கின் உட்பொருளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கண்ணுக்கும் சரி, கருவிக்கும் சரி, தனித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. மிகவும் நவீனமான ஜீன் சோதனைக்கே ஒரே ஒரு மதிப்பெண் தான். ஏனெனில் ஆரம்ப நோயில் அது பொய்யாக இல்லை என்றும், சாதாரணப் படையில் சிற்சில சமயம் பொய்யாக உண்டு என்றும் சொல்லிவிடக்கூடும். செலவு மிகுந்த சோதனை ஒன்றைச் செய்துவிட்டால் யோசனையே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது தக்க பதிலாகும்.

காஞ்சீபுரத்து நெசவாளர்களுக்கு இந்தத் தத்துவத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோர்வைச் சேலை நெய்யும் தறியில் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்களும் ஓடுகின்றன. நெய்கிறவர் ஒருவர்; பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுப்பவர் ஒருவர். இருவர் கையும் ஒத்து ஓடினால் தான் உடலும் கரையும் கோத்து நிற்கும். நோய் நிர்ணயத்திலும் சரும வைத்தியர் ஓரிடத்தில், பதாலஜிஸ்ட் வேறோரிடத்தில், நடுவே ஒரு புட்டியும் ஒரு சீட்டும் என்ற ஏற்பாடு இருக்குமாயின், கரை வேறு உடல் வேறாகப் பிரிந்துபோகும்.

அந்தச் சீட்டைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தேசத்தின் பல பாகங்களிலும் பரீக்ஷைக்கு அனுப்பப்படும் துணுக்கோடு செல்லும் சீட்டில் நோயாளியின் பெயரும் வயதும், ‘கரப்பானா?’ என்ற ஒரு சொல்லும் தவிர வேறொன்றும் எழுதப்படாத வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வெளிநோயாளிக் கூட்டத்தின் நெருக்கடி நாம் அறியாததன்று. எனினும் ஐந்து வரி எழுதச் சோம்பியதனால் ஒருவருடைய ஐந்து வருஷம் வீணாவதென்றால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்க முடியுமா? ‘நாட்பட்ட அழற்சி, மருத்துவக் குறிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று பதில் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் இருவரும் சந்திப்பதேயில்லை. நோயாளியோ, ‘ஒன்றுமில்லை’ என்று பரீக்ஷையில் வந்ததாக எண்ணி வீடு திரும்புகிறார். ‘இப்பொழுது நிரூபணமாகவில்லை’ என்பது வேறு. ‘ஒன்றுமில்லை’ என்பது வேறு. இந்நோயில் ஒரு முறைக்கு இரு முறை, இரு முறைக்கு மும்முறை, வெவ்வேறு திட்டுகளிலிருந்து துணுக்கெடுத்துப் பார்ப்பது அவசியமாகலாம் என்பதை நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லும் கடமை வைத்தியருடையது.

இனி நமது பிரதேசத்து நிலையைக் கவனிப்போம். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் மார்க்கத்தில், செய்யாற்றின் கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஸ்தலம். பிணி தீர வேண்டி மாகறலீசர் சந்நிதிக்கு வரும் ஜனங்கள் இன்றும் பலர். தெய்வத்தினிடம் முறையிடும் அவர்களுடைய பக்தியைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் சந்நிதியில் கூசாமல் முறையிடுகிறவர், வைத்தியரிடத்தில் தம் படையைக் காட்டக் கூசுகிறார் என்பதே நமது கவலை. இந்நோய் ஆரம்பத்தில் விரும்பித் தங்கும் இடங்கள் இடுப்பு, தொடை, பிருஷ்டம், ஸ்திரீகளின் மார்பு முதலிய, ஆடையால் மறைபட்ட இடங்கள். வேஷ்டிக்கும் சேலைக்கும் உள்ளே இருப்பதை நோயாளி காட்டுவதில்லை. கூட்டத்தில் வைத்தியரும் கேட்பதில்லை. தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பதால் வந்த புண் என்றும், சாயத்தின் கோளாறு என்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். தறியை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும் என்ற கவலை வேறு.

எல்லாவற்றிலும் பெரிய தடை பயம். வெளுத்த தேமல் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது தொழுநோய். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் பல பத்தாண்டுகளாகத் தொழுநோய்ச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் நடந்து வருகின்றன. டாக்டர் காக்ரேன் 1940-களில் ஸல்போன் மருந்துகளை அங்கே கையாண்டு பெற்ற அனுபவம் உலகறிந்தது. 1955-ல் இந்திய சர்க்கார் அந்த நிலையத்தை ஏற்று நடத்தத் தொடங்கினர். தேமலைக் கண்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துப் பார், நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார் என்று சுகாதார ஊழியர்களுக்குக் கற்பித்த இயக்கம் நம் தேசத்துக்குப் பேருபகாரம் செய்தது. அந்தப் பாடத்தின் அடுத்த வரியையும் இப்பொழுது கற்பிக்க வேண்டும். உணர்ச்சி குறையாமல், நரம்பு தடிக்காமல், கிருமியும் காணாமல், சிகிச்சை முடிந்தும் தேமல் பரவிக்கொண்டே போனால், அதே மருந்தை மறுபடியும் கொடுக்காதே. துணுக்கெடுத்துப் பார் என்பதே அவ்வரி. தொழுநோயில் அணுக்கள் நரம்பைச் சுற்றிக் குழுமுகின்றன. இந்நோயில் மேல்தோலுக்குள் ஏறிச் செல்கின்றன. விஷயம் தெரிந்த நிபுணர், வைத்தியரின் குறிப்பும் கையில் இருந்தால், பல சமயங்களில் இரண்டையும் பிரித்தறிந்துவிடுவார்.

மருந்துக்கடைக் களிம்புகளின் தீங்கையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் படையை மறைக்கின்றன, ஒழிப்பதில்லை. அதைத் தடவிக்கொண்டே துணுக்கெடுத்தால் பூதக்கண்ணாடியிலும் தடயம் மங்கிவிடுகிறது. வைத்தியர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது என்று இந்திய சர்க்கார் 2018-ல் விதி செய்தனர். விதி ஏட்டில் இருக்கிறது. களிம்பு கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. இதைவிட மோசமானது, சொரியாஸிஸ் என்றோ கரப்பான் என்றோ நிச்சயித்து, தேகத்தின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளைக் கொடுத்துவிடுவது. உண்மையில் உள்ளது லிம்போமாவானால், காவலை நீக்கிக் கலகத்துக்கு வழிவிட்டது போலாகும். நோய் விரைந்து முற்றக்கூடும். பலமான மருந்துக்கு முன் பலமான நிச்சயம் வேண்டும்.

‘லக்ஷத்தில் ஒருவருக்கும் வராத நோய்க்காக இவ்வளவு ஆரவாரமா?’ என்று ஒரு ஆக்ஷேபம் எழலாம். அமெரிக்காவின் கணக்குப்படி வருஷத்துக்குப் பத்து லக்ஷம் பேரில் சுமார் 6 பேருக்கு இவ்வகை நோய் புதிதாகக் காணப்படுகிறது. அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாம் கேட்பது இந்த ஒரு நோய்க்காகத் தனி மாளிகையன்று. சரும வைத்தியரும் பதாலஜிஸ்டும் ஒரே மேஜையில் அமர்வதை வழக்கமாக்கினால், தொழுநோய், சருமக் க்ஷயம், லூபஸ் முதலிய பல நோய்களின் நிர்ணயமும் சீர்ப்படும். தவிரவும், கூட்டு யோசனை புற்றுநோயைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் உதவுவதன்று. புற்றுநோய் இல்லாதவருக்கு அந்தப் பெயரைச் சூட்டிக் குடும்பத்தையே கலங்க அடிக்காமல் தடுப்பதற்கும் அதுவே உபாயம். ஒரு வறட்டுப் படையை லிம்போமா என்று சொல்லிவிடுவதும் சிறிய பிழையன்று.

மேலும், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் செய்யத்தக்க சிகிச்சை நம் கைக்கு எட்டியதே. படைகள் சொற்பமாக உள்ள முதல் நிலையில் தக்க சிகிச்சை பெறுகிறவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளுக்குக் குறைவதில்லை என்று நீண்டகால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அளவறிந்து பூசும் மருந்துகளும், வெண்குஷ்டத்துக்கும் சொரியாஸிஸுக்கும் பயன்படும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிக் கருவியுமே அந்நிலைக்குப் பெரும்பாலும் போதும். கட்டி நிலைக்கு முற்றிய பின்னரோ, கதிரியக்கமும் விலையுயர்ந்த மருந்துகளும் தேவைப்படுவதோடு, பலனும் நிச்சயமில்லை. ஆகவே சிக்கனம் என்ற நோக்கில் பார்த்தாலும் முன்னறிவதே லாபம்.

சாதனங்கள் இல்லையென்று சொல்லவும் இடமில்லை. காஞ்சீபுரம் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்நகரில் பிறந்த அப்பெருமகனார் புற்றுநோயினால் 1969-ல் காலமானதை யாரும் மறக்கவில்லை. செங்கற்பட்டில் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் இருக்கிறது. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆட்களும் இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. அவர்களை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடே வேண்டியது.

அந்த ஏற்பாடு எப்படி இருக்கவேண்டும் என்பது பற்றி நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, ஒவ்வொரு ஜில்லாவிலும் வாரம் ஒரு முறை, அல்லது பக்ஷத்துக்கு ஒரு முறையேனும், சரும வைத்தியரும் பதாலஜிஸ்டும் கூடிச் சந்தேகமான நோயாளிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். நேரில் கூட முடியாதபோது படங்களை வைத்துக்கொண்டு தொலைவிலிருந்தே பேசலாம். இரண்டாவது, படையின் வயது, இடம், பரவல், முன்பு பூசிய களிம்பு இவற்றை எழுதாத சீட்டை ஏற்கலாகாது. திட்டின் புகைப்படமும் உடன் செல்ல வேண்டும். மூன்றாவது, சாயச் சோதனையும் ஜீன் சோதனையும் தேவைப்படும்போது துணுக்கு பதித்த மெழுகுக் கட்டியைப் பெரிய நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பை ஆஸ்பத்திரியே ஏற்க வேண்டும். நோயாளியைப் புட்டியும் கையுமாக ஊர் ஊராக அலையவிடக்கூடாது. நான்காவது, என்ன சந்தேகிக்கப்பட்டது, என்ன கண்டது, மறுபடி எப்போது வரவேண்டும் என்பதைத் தமிழில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். தன் தேகத்தைப் பற்றிய தீர்ப்பைத் தன் பாஷையில் அறிந்துகொள்ளும் உரிமை குடிமகனுக்கு இல்லையென்றால், சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தான் என்ன?

மாகறலுக்கு அப்பால், அதே மார்க்கத்தில் உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கிராம சபையின் விதிகளை இன்றும் காட்டி நிற்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஆண்டுக் காரியங்களுக்கு ஒரு வாரியம் என்று பலர் கூடி ஆராய்ந்தே காரியம் செய்தார்கள். ஏரிக் கரையைக் காக்க வாரியம் வகுத்த நாட்டில், மனிதன் உயிரைக் காக்க இருவர் கூடிப் பேசும் ஏற்பாடு இல்லாமற் போவது நமக்குப் பெருமையாகாது.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது. ஸ்தல ஸ்தாபனங்களிலும் சட்டசபையிலும் சாலையும் பாலமும் கேட்கும் நீங்கள் இதையும் கேளுங்கள். உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் சரும வைத்தியரும் பதாலஜிஸ்டும் கடைசியாக எந்தத் தேதியில் ஒன்றாக அமர்ந்தார்கள் என்ற ஒரு கேள்வியை எழுப்பி, பதில் வரும்வரை விடாதீர்கள். நெசவாளர் சங்கங்களிலும் கிராமக் கூட்டங்களிலும், ஆறு மாதம் மறையாத படையை மறைத்து வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வாரத்தில் ஒரு மணி நேரம், இவ்வளவே வேண்டும். இதையும் செய்து கொடுக்க மனமில்லாத நிர்வாகத்தை எதிர்த்துக் குரல் எழுப்புவது ஜனங்களின் கடமையென்றே நாம் கருதுகிறோம்.